போடிமெட்டில் திணறிய ஜாவா

சென்ற வாரம் தேவாரம் டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது ஒரு கல்லூரிப் பையன் கேட்டான். "தாத்தா, அந்தக் காலத்து ஜாவா, புல்லட்டெல்லாம் போடிமெட்டு ஏறுமா?"

ஏறும் தம்பி, ஏறும் என்றேன். ஆனால் எப்படி ஏறியது என்பதை அங்கேயே சொல்லி முடிக்க முடியவில்லை. அதில் கொஞ்சம் சரித்திரம் இருக்கிறது, கொஞ்சம் விஞ்ஞானம் இருக்கிறது, நான் ஒரு நல்ல மனிதருக்குச் செய்த தவறும் இருக்கிறது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நம் பக்கத்துப் பிழைப்பில் பாதி எப்போதும் மலைக்கு மேலேதான். தேவாரத்திலிருந்து சாக்கலூத்து மெட்டு வழியாக நடந்தே ஏலத்தோட்டத்துக்குப் போய்வந்தவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். அந்தப் பாதையை ரோடாக்க வேண்டும் என்று கேட்டுக் கேட்டுத் தலைமுறைகள் நரைத்துவிட்டன. சக்கரம் வைத்த எதுவானாலும் போடியைச் சுற்றித்தான் போகவேண்டும், இல்லையென்றால் கம்பம்மெட்டு. போடிக்கு 1928-இல் ரயில் வந்தது. ரயில் அங்கே நின்றுவிடும். அதற்கு மேலே தலைச்சுமை, கழுதை, பிறகு லாரி, ஜீப். மோட்டார் சைக்கிள் இந்த வரிசையில் கடைசியாக வந்தது.

அந்த மோட்டார் சைக்கிள்கள் எங்கிருந்து வந்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் புல்லட் உருவானது. 346 சி.சி., ஒற்றை சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக். முதலில் சீமையிலிருந்து வந்த பாகங்களைப் பூட்டிக் கொடுத்தார்கள், பிறகு எல்லாம் இங்கேயே செய்தார்கள். 1961-இல் மைசூரில் ஐடியல் ஜாவா தொழிற்சாலை ஓடத் தொடங்கியது. செக்கோஸ்லோவாக்கியா நாட்டு வண்டி, 250 சி.சி., இரண்டு ஸ்ட்ரோக். 1973-க்குப் பிறகு அதன் பெயர் எஸ்டி ஆயிற்று. அரியானாவில் எஸ்கார்ட்ஸ் கம்பெனி போலந்து நாட்டு மாதிரியை வைத்து ராஜ்தூத் செய்தது, 175 சி.சி. எங்கள் காலத்தில் இந்த மூன்றுதான். புல்லட் மிராசுதாருக்கும் போலீஸுக்கும். ராஜ்தூத் பால்காரருக்கும் வியாபாரிக்கும். கொஞ்சம் ஆசையும் கொஞ்சம் கடனும் உள்ள என்னைப் போன்ற குமாஸ்தாவுக்குப் பழைய ஜாவா.

என் ஜாவாவை 1978-இல் மூன்றாம் கையாக வாங்கினேன். உதைத்து ஸ்டார்ட் செய்யும் நெம்புகோலே கியர் போடவும் பயன்படும். சிலிண்டர் ஒன்று, சைலன்சர் இரண்டு. ஊருக்குள் ஓட்டினால் தாலாட்டு மாதிரி ஒரு சத்தம். என் சகலைக்குப் பூப்பாறையில் சின்னதாக ஒரு ஏலத்தோட்டம் இருந்தது. மாதம் இரண்டு முறை அரிசியும் காய்கறியும் கட்டிக்கொண்டு அங்கே போய்வருவேன்.

ஆரம்பத்தில் நன்றாகத்தான் ஏறியது. ஒரு வருஷம் போனபின் தொல்லை தொடங்கியது. சின்னமனூர் ரோட்டில் பறக்கிற வண்டி, மலையில் பாதிக்கு மேலே திணறும். முறுக்கினால் வேகம் வராது. பொங்கிப் பொங்கி இழுக்கும். புகை கறுப்பாக வரும். மூன்றாவது கியர் தாங்காமல் இரண்டாவதுக்கும், பிறகு முதலாவதுக்கும் இறங்கவேண்டும். பின்னால் மனைவியை உட்கார வைத்திருந்தால் வளைவில் இறக்கி நடக்கவைக்க வேண்டும். அவள் சொல்லிய வார்த்தைகளை இங்கே எழுதுவதற்கில்லை.

ஊரில் ஒரு மெக்கானிக் இருந்தார். எல்லோருக்கும் அவர் பாய்தான். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், லாரிப் பட்டறையில் கற்றவர். அவரிடம் போய், "பாய், இழுவை போதல. பெட்ரோலைக் கொஞ்சம் கூட்டி வையுங்க" என்றேன்.

"வேணாம் சார். என்னன்னு பார்த்துட்டு அப்புறம் கூட்டலாம்" என்றார்.

நான் விடவில்லை. சாப்பாடு போதாதவன் வேலை செய்யமாட்டான், பெட்ரோல் போதாத வண்டி இழுக்காது என்பது என் கணக்கு. கார்புரேட்டரில் ஒரு மெல்லிய ஊசி இருக்கும். அதன் தலையில் சில வெட்டுகள் இருக்கும், கிளிப்பை எந்த வெட்டில் மாட்டுகிறோமோ அதற்குத் தக்கபடி ஊசி ஏறும், இறங்கும். ஊசி ஏறினால் பெட்ரோல் அதிகம். பாய் முகத்தைச் சுளித்துக்கொண்டே ஒரு வெட்டு ஏற்றிக் கொடுத்தார். அடுத்த வாரம் வண்டி இன்னும் மோசமாகத் திணறியது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? டீக்கடையில் உட்கார்ந்து, "பாய் என் வண்டியைக் கெடுத்துட்டார்" என்று சொன்னேன். ஒருமுறை இல்லை, பலமுறை. ஆபீஸிலும் சொன்னேன். இரண்டு நண்பர்கள் தங்கள் வண்டியை அவரிடம் விடுவதை நிறுத்தினார்கள். பிறகு நான் வண்டியை மதுரையில் ஒரு பெரிய பட்டறைக்குக் கொண்டுபோனேன். அவர்கள் வண்டியை மலையில் ஓட்டிப் பார்க்கவில்லை. கேட்டவுடனே, "ரிங் போயிருக்கும், போரிங் செய்யணும்" என்றார்கள். சிலிண்டரைக் கடைந்து ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டார்கள். என் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் ஆயிற்று.

போரிங் என்பது வண்டியின் ஆயுளிலிருந்து ஒரு துண்டை எடுத்துவிடுவது. கடைந்த இரும்பு திரும்ப வராது. ஒரு சிலிண்டரைச் சில தடவைதான் கடையலாம். அதில் ஒரு தடவையை நான் வீணாக்கினேன். ஏனென்றால் புது பிஸ்டனோடு ரன்னிங் இன் முடித்து மலையேறியபோது, வண்டி அதே இடத்தில் அதே மாதிரி திணறியது.

வெட்கத்தோடு பாயிடம் திரும்பிப் போனேன். நான் பேசியதெல்லாம் அவர் காதுக்குப் போயிருந்தது. ஒரு வார்த்தை கேட்கவில்லை. "ஞாயித்துக்கிழமை நானும் பின்னாடி உக்காந்து வர்றேன் சார். ஒரு பிளக் ஸ்பேனரும் துணியும் போதும்" என்றார்.

அன்று அவர் செய்ததை இன்றும் படம் மாதிரி சொல்லமுடியும். மலையடிவாரத்தில் முந்தலில் முதல் நிறுத்தம். சும்மா நிறுத்தவில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே கிளட்சைப் பிடித்துச் சாவியை அணைக்கச் சொன்னார். மெதுவாக ஓடவிட்டு நிறுத்தினால் பிளக்கின் நிறம் மாறிவிடுமாம். பிளக்கைக் கழற்றிக் காட்டினார். நுனி கருகலான பழுப்பு. "கொஞ்சம் ஜாஸ்திதான், ஓடும்" என்றார். புலியூத்துக்குப் பக்கத்தில் இரண்டாவது நிறுத்தம். பிளக் கறுப்பு. மேலே மெட்டில் மூன்றாவது. அடுப்புக்கரி பூசியது போல உலர்ந்த கறுப்பு. விரலில் ஒட்டியது.

செங்கல் நிறமோ காப்பிப்பொடி நிறமோ இருந்தால் பிளக் சுகம். உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம், காற்றுக் குறைவு. எண்ணெய்ப் பிசுக்கோடு ஈரக் கறுப்பு என்றால் ஆயில் அதிகம், அல்லது பொறி சரியில்லை. வெளுத்துப்போயிருந்தால் பெட்ரோல் போதவில்லை, வண்டி சூடாகிறது, அதுதான் ஆபத்து. இவ்வளவையும் அவர் அந்த மெட்டில் நின்று, குளிரில் பீடி பற்றவைத்துக்கொண்டு சொன்னார்.

பிறகு ஏர் ஃபில்டரைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "இப்போ கொஞ்ச தூரம் ஏத்திப் பாருங்க" என்றார். வண்டி சட்டென்று தெளிந்து இழுத்தது. "பெட்ரோல் பத்தல இல்ல சார். காத்துதான் பத்தல. மேல வரவர காத்து லேசாயிருது."

அந்த நொடியில் எனக்குக் காரைக்கால் பள்ளிக்கூடம் நினைவுக்கு வந்தது.

நான் பிரெஞ்சு மொழியில் படித்தவன். பிளக்குக்குப் பிரெஞ்சில் பூஜி என்று பெயர். மெழுகுவர்த்திக்கும் அதே சொல்தான். இஞ்சினின் நான்கு ஸ்ட்ரோக் முறையை உலகம் ஜெர்மனியின் ஓட்டோ பெயரால் சொல்லும். அவர் இஞ்சின் ஓடியது 1876-இல். பிரெஞ்சுக்காரர்கள் விடமாட்டார்கள். 1862-லேயே அந்த முறையை எழுதிப் பதிவு செய்த போ தெ ரோஷா என்பவரின் பெயரைத்தான் சொல்வார்கள். இதையெல்லாம் மனப்பாடம் செய்து ஒப்பித்திருக்கிறேன். இன்னொன்றையும் ஒப்பித்திருக்கிறேன். அது 1648-இல் நடந்தது.

பிளேஸ் பாஸ்கல் என்ற அறிஞருக்கு ஒரு சந்தேகம். காற்றுக்கு எடை உண்டென்றால், மலைமேல் போகப்போக நம் தலைக்கு மேலுள்ள காற்று குறையவேண்டும், அதன் அழுத்தமும் குறையவேண்டும். அவர் பாரிஸில் இருந்தார். அக்காள் புருஷன் புளோரன் பெரியே, கிளெர்மோன் என்ற ஊரில் இருந்தார். அந்த ஊருக்குப் பக்கத்தில் புய் தெ தோம் என்றொரு மலை. பாஸ்கல் கேட்டுக்கொண்டபடி 1648 செப்டம்பர் 19 அன்று பெரியே பாதரசக் குழாயோடு அந்த மலையில் ஏறினார். உச்சியில் பாதரசம் எட்டு சென்டிமீட்டருக்கு மேல் இறங்கியிருந்தது.

பெரியே ஏறுவதற்கு முன் இன்னொன்று செய்தார். அதே மாதிரி ஒரு குழாயை அடிவாரத்து மடத்தில் வைத்து, ஒரு துறவியை நாள் முழுக்கக் காவல் வைத்தார். மேலே பாதரசம் இறங்கியபோது கீழேயும் இறங்கியிருந்தால் அது மலையின் காரியம் இல்லை, வானிலையின் காரியம். கீழே இருந்தது அசையவில்லை. பெரியே திரும்பி வந்து தன் குழாயையும் அங்கே நிறுத்திப் பார்த்தார். பழைய அளவுக்கே வந்திருந்தது.

புய் தெ தோம் உச்சி 1,465 மீட்டர். கிளெர்மோனிலிருந்து ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் ஏற்றம். நம் போடிமெட்டு சுமார் 4,500 அடி, போடியிலிருந்து அதுவும் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் ஏற்றம். கடலோரத்தில் வளர்ந்த பையனாக நான் படித்த அந்த மலையும், தினமும் வாசலில் நின்று பார்க்கிற இந்த மலையும் ஏறக்குறைய ஒரே ஏற்றம். முப்பது வருஷப் படிப்பில் வராத புத்தி அன்று வந்தது.

அந்தக் காற்றின் கணக்கு இது. பெட்ரோல் முழுதாக எரிய, எடைக்கணக்கில் அதைப் போல ஏறத்தாழ 15 பங்கு காற்று வேண்டும். கார்புரேட்டருக்குத் தராசு கிடையாது. அது காற்றின் ஓட்டத்தைப் பார்த்துப் பெட்ரோலை விடும், எடையைப் பார்த்து விடாது. மேலே போகப்போக அதே அளவு காற்றில் எடை குறைவு. பெட்ரோலோ அந்த விகிதத்துக்குக் குறைவதில்லை. விளைவு, கலவை தடித்துப்போகும், கரி பிடிக்கும். பூப்பாறையில் குக்கர் இல்லாமல் பருப்பு வேக நேரமாகும் என்று என் மச்சினி சொல்வாள். அங்கே தண்ணீர் 95 டிகிரி சொச்சத்திலேயே கொதித்துவிடுகிறது. பருப்புக்கும் ஜாவாவுக்கும் ஒரே காரணம்.

ஆயிரம் அடி ஏறினால் இஞ்சின் தன் பலத்தில் நூற்றுக்கு மூன்று பங்கு இழக்கும் என்பது பொதுவான கணக்கு. முந்தலிலிருந்து மெட்டுக்குப் போவதற்குள் பத்தில் ஒரு பங்கு போய்விடும். ஜாவாவின் பலம் ஏறத்தாழ 12 குதிரை. ஒரு குதிரைக்குமேல் வழியிலேயே நின்றுவிடும். அது வண்டியின் நோயும் இல்லை, மெக்கானிக்கின் குற்றமும் இல்லை.

அப்படியானால் முதல் வருஷம் ஏறிய வண்டி ஏன் பிறகு திணறியது? இதற்கும் பாய்தான் விடை கண்டுபிடித்தார். திரும்பி இறங்கியதும் முந்தலில் மறுபடி பிளக்கைப் பார்த்தார். வேறு ஏதாவது கெட்டிருந்தால் இங்கேயும் காட்டிக்கொடுக்கும் என்றார். பெரியே மடத்துக்குத் திரும்பியது எனக்கு நினைவு வந்தது. பிளக் காலையில் இருந்த நிறத்துக்கே வந்துகொண்டிருந்தது. பொறி சரி, கம்ப்ரெஷன் சரி. மறுநாள் இரண்டு சைலன்சரையும் கழற்றினார். உள்குழாயின் துளைகள் பாதிக்கு மேல் கரியால் அடைந்திருந்தன. இரண்டு ஸ்ட்ரோக் வண்டிக்குப் பெட்ரோலிலேயே ஆயில் கலப்போம், லிட்டருக்கு நாற்பது மில்லி போல. எரிந்த ஆயில் சைலன்சரில் படியும். புகை வெளியே போகாவிட்டால் புதுக் காற்று உள்ளே வராது. காஸ்டிக் சோடாவில் ஊறவைத்து, கம்பியால் சுரண்டிச் சுத்தம் செய்தார். ஏர் ஃபில்டரைப் பெட்ரோலில் அலசினார். ஊசியைப் பழைய வெட்டுக்கே இறக்கினார்.

"ஒரு நேரத்துல ஒண்ணைத்தான் மாத்தணும் சார். நாலையும் சேர்த்து மாத்துனா எது குத்தம்னு தெரியாது" என்றார். ஒவ்வொன்றைச் செய்தபின்னும் ஓட்டிப் பார்க்கச் சொன்னார். அடுத்த ஞாயிறு வண்டி மெட்டு வரை இரண்டாவது கியருக்குக் கீழே இறங்காமல் ஏறியது. மேலே கொஞ்சம் மூச்சு வாங்கியது. அது மலையின் பங்கு.

"மேலே போறப்போ ஊசியை இன்னும் இறக்கிட்டா என்ன?" என்று கேட்டேன். வேண்டாம் என்றார். மேலே குடியிருப்பவருக்கு அது சரி. கீழே குடியிருந்து வாரம் ஒருநாள் ஏறுகிறவர் அப்படிச் செய்தால், சமவெளியில் பெட்ரோல் போதாமல் வண்டி கொதித்து பிஸ்டன் பிடித்துவிடும். இறக்கத்துக்கும் ஒரு எச்சரிக்கை சொன்னார். ஜாவாவுக்கு ஆயில் பெட்ரோலோடுதான் போகிறது. கியரில் போட்டு, முறுக்கை மூடிக்கொண்டே 17 வளைவும் இறங்கினால் இஞ்சின் சுற்றும், ஆயில் போகாது. இடையிடையே லேசாக முறுக்கிவிடவேண்டும். இறக்கத்தில் பிஸ்டன் பிடித்து நின்ற வண்டிகளை எத்தனை பார்த்திருக்கிறோம்! எல்லோரும் கம்பெனியைத் திட்டினோம்.

புல்லட் வைத்திருந்தவர்கள் இந்தத் தொல்லையிலிருந்து ஓரளவு தப்பினார்கள். நான்கு ஸ்ட்ரோக் என்பதால் சைலன்சர் அவ்வளவு அடையாது. நிதானமாக இழுத்துக்கொண்டு போகும். அவர்களுக்கு வேறு கணக்கு. பிளாட்டினம் பாயிண்ட் தேய்ந்தால் பொறி பிந்தும், பிந்தினால் ஏற்றத்தில் சூடேறிப் பலம் குறையும். இன்னொரு சில்லறைக் காரணம் எல்லா வண்டிக்கும் பொது. பெட்ரோல் டாங்கு மூடியில் காற்றுப்போக ஒரு சின்னத் துளை உண்டு. தூசி அடைத்துவிட்டால் வண்டி பத்து கிலோமீட்டர் நன்றாக ஓடி, பிறகு இருமி நின்றுவிடும். மூடியைத் திறந்தால் உஸ் என்று சத்தம் வரும். மறுபடி ஓடும். இதற்காகக் கார்புரேட்டரையே மாற்றியவர்களை அறிவேன்.

1985-க்குப் பிறகு ஜப்பானியக் கூட்டில் நூறு சி.சி. வண்டிகள் வந்தன. ஹீரோ ஹோண்டா பெட்ரோலை மிச்சம் செய்தது, யமஹா ஆர்.எக்ஸ். 100 மலையைப் பார்த்துச் சிரித்தது. மைசூர்த் தொழிற்சாலை 1996-இல் மூடப்பட்டது. 2020 ஏப்ரல் முதல் பாரத் ஸ்டேஜ் 6 விதி வந்தபின் புது வண்டிகளில் பெரும்பாலும் கார்புரேட்டரே கிடையாது. காற்றின் அழுத்தத்தை ஒரு சென்சார் பார்த்துக்கொள்கிறது. அதற்குத் தக்கபடி ஒரு சிறு கம்ப்யூட்டர் பெட்ரோலை அளந்து விடுகிறது. பெரியே தூக்கிக்கொண்டு ஏறிய பாதரசக் குழாயின் வேலையை அந்தச் சென்சார் செய்கிறது. பிளக் கரி பிடிப்பதில்லை. ஆனாலும் அந்தப் பத்தில் ஒரு பங்கு பலம் இன்றும் குறையத்தான் செய்கிறது. காற்றை எந்தக் கம்ப்யூட்டரும் உண்டாக்க முடியாது.

இனி நான் செய்த தவறு. பெட்ரோலைக் கூட்டச் சொன்னவன் நான். வேண்டாம் என்றவர் அவர். பழியை அவர்மேல் போட்டவனும் நான். ஆபீஸில் ஒரு ஃபைலில் தவறு வந்தால், யார் எந்தத் தேதியில் என்ன எழுதினார் என்று பின்னோக்கிப் புரட்டிப் பார்ப்பது என் தொழில். சொந்த வண்டி விஷயத்தில் அதைச் செய்யவில்லை. அடுத்த நாள் அதே டீக்கடையில், அதே ஆட்கள் இருக்கும் நேரம் பார்த்துப் போய், "தப்பு என்னோடது, பாய் மேல ஒண்ணும் இல்ல" என்று சொன்னேன். இரண்டு நண்பர்களில் ஒருவர் திரும்ப அவரிடம் போனார். இன்னொருவர் போகவில்லை. சொன்ன சொல்லை முழுதாகத் திரும்ப எடுக்க முடியவில்லை.

பாயிடம் நேரிலும் சொன்னேன். "விடுங்க சார், டீ சாப்பிடுங்க" என்றார். அவ்வளவுதான். அவர் இப்போது இல்லை. பட்டறை இருந்த இடத்தில் மொபைல் கடை இருக்கிறது.

உங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் பழைய ஜாவாவோ ராஜ்தூத்தோ படுத்திருந்து, பேரன் அதை எழுப்ப ஆசைப்பட்டால், இழுவை இல்லை என்றதும் போரிங்குக்கு ஓடவேண்டாம் என்று சொல்லுங்கள். முதலில் டாங்கு மூடி, பிறகு பிளக், பிறகு ஏர் ஃபில்டர், பிறகு சைலன்சர். ஒன்றைப் பார்த்து, ஓட்டி, அதற்குப்பின் அடுத்ததைத் தொடட்டும். போரிங் கடைசி. மெக்கானிக் "வேணாம்" என்றால், ஏன் என்று ஒரு நிமிஷம் நின்று கேட்கட்டும்.